செகண்ட் ஷிஃப்ட் குழுவில் மிச்சமிருந்தவள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. 2006இல், பொம்மனஹள்ளியில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசிப்பவர் சாப்பிட எழுந்து போன சமயம், பச்சைப் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி மேடையேறினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். புடவையை ஒதுக்கிச் செருகிக்கொண்டு காலியாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பாடகர் அப்போது ஒரு மெதுவான காதல் பாட்டின் நடுவில் இருந்தார். பாட்டைக் கொஞ்சமும் கெடுக்காமல், தொய்ந்து கிடந்த அதை நிமிர்த்தி உட்காரவைத்தார் அந்த அம்மா. ஐஸ்கிரீம் கப்போடு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பந்தியில் அடித்துப்பிடித்து அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"ராக் பேண்டுல இருந்தேன் சார்," என்றவர், ரசம் போதும் என்று கைகாட்டிவிட்டுத் திருத்திக்கொண்டார். "இருந்தேன் இல்ல. இருக்கேன்."

பெயர் பிரிசில்லா. அந்த 'இருந்தேன்'னுக்கும் 'இருக்கேன்'னுக்கும் நடுவில் உள்ளதைத்தான் எழுதப் பார்க்கிறேன். (நேரில் 'அவர்' என்றுதான் மரியாதையாகப் பேசினேன். கதைக்குள் 'அவள்' என்கிறேன். கிட்டே போய் எழுத எனக்கு வேறு வழி தெரியவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பெங்களூரு என்றாலே பூந்தோட்டங்களும் ராக் இசையும் நம் நினைவுக்கு—"

வேண்டாம். டூரிஸ்ட் பஸ் வாசனை அடிக்கிறது.

பிறகு இப்படி: "தங்கவயலில், சுரங்கத்தின் சங்கு அலறிய அதே நொடியில் பிறந்த அந்தக் குழந்தை—"

கல்யாணத்துக்குச் சில வாரம் கழித்து அவளிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள். "மத்தியானம் பொறந்தேன் சார். சங்குகிங்கு ஒண்ணும் ஊதல."

ஆகையால், உள்ளபடியே. 1991இல் பிரிசில்லாவுக்கு இருபத்தொரு வயது. அப்பா பீட்டர் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்து, நெஞ்சில் தூசி சேர்ந்து, வேலையை விட்டுக் குடும்பத்தோடு மர்பி டவுனுக்கு வந்தவர். அவள் பீன்யாவில் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பி காயில் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டிரம்ஸ். தங்கவயல் பையன்களோடு ஒரு குழு வைத்து, பெங்களூரில் இரண்டு கல்லூரி விழாக்களில் பரிசும் வாங்கியிருந்தாள்.

அந்த வருஷம் கண்டோன்மெண்ட்டில் பேர் பெற்ற மூன்று ராக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. அவற்றில் மிஞ்சிய நட்சத்திரங்கள் ஒன்றுசேர்ந்தார்கள். இப்படி, ஏற்கெனவே பேர் வாங்கியவர்களாகப் பார்த்துச் சேர்க்கும் குழுவுக்கு சூப்பர்குரூப் என்று பெயர். கிட்டார் டென்சில், ஆங்கிலோ இந்தியர், ஊரிலேயே வேகமான விரல். பேஸ் கிட்டார் கோவிந்தப்பா, சாமராஜ்பேட்டைக் கன்னடர், டெலிபோன் இலாகாவில் வேலை. பாட்டு ஞானசேகரன், மர்பி டவுன், ஒரு கம்பெனி கேண்டீனில் சூப்பர்வைசர். அவர் குரல் உச்சத்துக்குப் போனால் பெண்கள் பெஞ்சுமேல் ஏறி நிற்பார்களாம். டிரம்ஸுக்கு ஆள் தேடியபோது டென்சில்தான் சொன்னார்: "தட் கேஜிஎஃப் கேர்ள், மேன். அவள விட்டா யாரு?"

நால்வரும் பகலில் வேலைக்குப் போனவர்கள். சாயங்காலம் மர்பி டவுனில் ஒரு மாவு மில்லின் மாடியில் கூடினார்கள். அதனால் குழுவின் பேர் செகண்ட் ஷிஃப்ட்.

3

முதல் கச்சேரி அமோகம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். டென்சில் தனியாக வாசித்து முடிக்கவே மாட்டேன் என்றார். ஞானசேகரன் உச்சஸ்தாயியைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றார். கூட்டம் கூத்தாடியது. பிரிசில்லா மட்டும் வேர்த்துப்போய் இறங்கி வந்து கோவிந்தப்பாவிடம் சொன்னாள்:

"யாரும் யாரையும் கேக்கலண்ணா."

"நானு கேட்டேனம்மா," என்றார் அவர். "நீ நல்லா வாசிச்சே."

டிசம்பரில் காவிரிக் கலவரம். தமிழர்கள் இருந்த பேட்டைகளில் கதவுகள் சாத்தியே கிடந்தன. ஊரடங்கைச் சில மணிநேரம் தளர்த்தியபோது, பேஸ் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு லூனா மொபெட்டில் வந்து இறங்கினார் கோவிந்தப்பா.

ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தார் பீட்டர். "இன்னா தம்பி இந்த நேரத்துல?"

"ப்ராக்டீஸ் இருக்குதல்லா அங்கிள்."

(இதைப் பெரிதாக எழுது, கதையே இதுதான் என்றார் ஒரு நண்பர். பிரிசில்லா இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாள். நானும் போகிறேன்.)

அன்று ப்ராக்டீஸ் நடக்கவில்லை. பீட்டர் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஞானசேகரனும் வந்தார். பேச்சோடு பேச்சாகப் பீட்டர் சொன்னார்: "ஷிஃப்ட் முடிஞ்சி கூண்டுல மேல வர்றோம் பாரு, மொதல்ல காத்து வரும். அப்பறந்தான் வெளிச்சம்."

ஞானசேகரன் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே பாட்டாக்கினார். ஆங்கிலத்திலேயே பாடிக்கொண்டிருந்த குழுவின் ஒரே தமிழ்ப் பாட்டு. 'மொதல்ல காத்து வரும்' என்ற வரி ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறும். கடைசித் தடவை ஏறும் இடத்துக்கு அவரைத் தவிர யாரும் போக முடியாது. வேண்டுமென்றே அப்படிப் போட்டார் என்கிறாள் பிரிசில்லா.

4

இனி, ஆட்கள் மாறிய படலம். சூப்பர்குரூப் என்றால் சண்டை வராமல் இருக்குமா? போஸ்டரில் யார் படம் பெரிசு என்பதில் தொடங்கி—

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. அந்தச் சண்டைகள் நடக்கும்போதே அலுப்பாக இருந்தனவாம்.)

94இல் டென்சில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார். 96இல் ஞானசேகரன், துபாயில் ஒரு ஹோட்டலில் பாட. மறு வருஷம் கோவிந்தப்பாவுக்கு பெல்காமுக்கு மாற்றல். நடுவில் வந்தவர்கள், போனவர்கள் எல்லாருக்கும் பேர் வைத்தால் உங்களுக்குத் தலை சுற்றும். ஒரு கீபோர்டுக்காரர் ஒரு மழைக்காலம் மட்டும் இருந்தார் என்பதோடு விடுகிறேன்.

98இல் முதல் நால்வரில் பிரிசில்லா மட்டும் இருந்தாள். விழாக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். "அவங்கல்லாம் இல்லாம அந்தப் பேரு எதுக்கும்மா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார் ஒருவர். அவள் பஸ்ஸில் வரும்போது அழுததாக எழுதியிருந்தேன். "அழல சார், கோவம்தான் வந்துச்சு," என்றாள். அடித்துவிட்டேன்.

கோபத்தோடு அவள் ஆள் தேடினாள். கிட்டாருக்கு நரேஷ், கம்ப்யூட்டர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன். பேஸுக்கு முனிகிருஷ்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர். பாட பொம்மனஹள்ளியிலிருந்து மமதா, கார்மெண்ட்ஸில் வேலை செய்த பெண். மூவரும் நட்சத்திரங்கள் இல்லை. ஆனால் மமதா மூச்சு வாங்கும்போது முனிகிருஷ்ணன் அவளுக்காகக் காத்திருப்பார். நரேஷ் தப்பு செய்தால் நால்வரும் அதையே இன்னொரு தடவை செய்து பாட்டில் சேர்த்துவிடுவார்கள். மாவு மில் மாடியில் பல வருஷத்துக்கு அப்புறம் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

5

ஞானசேகரன் விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம். முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதினேன். வசதியாக இருந்தது. கர்வம் பிடித்த பாடகர், பாவப்பட்ட டிரம்மர். ஆனால் பிரிசில்லா அவரைப் பற்றிச் சொன்ன ஒரு தகவல் அந்த வசதியைக் கெடுத்துவிட்டது: 2000இல் திரும்பி வந்தபோது அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் டென்சில் லீவில் வந்திருந்தார். கோவிந்தப்பாவும் மாற்றலாகி ஊர் திரும்பியிருந்தார். ஒரு கல்லூரி விழாவில் பழைய நால்வரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று அழைப்பு.

"ஒரிஜினல் ஃபோர், மேன்," என்றார் டென்சில். "பசங்க ஃப்ரண்ட்ல உக்காந்து பாக்கட்டும்."

பிரிசில்லா சொன்னாள்: "பசங்கதான் ரெண்டு வருஷமா இந்தப் பேரத் தூக்கினு நிக்கிறாங்க. ஏழு பேரும் ஏறுனா நானும் ஏறுறேன். இல்லன்னா நீங்க மூணு பேரும் வேற பேர்ல வாசிங்க."

"ரெண்டு பேஸா?" என்று சிரித்தார் டென்சில்.

"நானு டாம்பரின் பிடிக்கிறேன், விடு," என்றார் கோவிந்தப்பா, சலங்கை கோத்த வளையத்தைக் குலுக்குவதுபோலக் கையை ஆட்டி.

ஞானசேகரன் ஒரே நிபந்தனை போட்டார்: தமிழ்ப் பாட்டு தன்னுடையது, தானே பாட வேண்டும். அவள் ஒத்துக்கொண்டாள்.

6

விழா அன்று மத்தியானம், காலி மைதானத்தில் ஒத்திகை. 'மொதல்ல காத்து வரும்' வரியின் கடைசி ஏற்றத்தில் ஞானசேகரனின் குரல் உடைந்தது. இன்னொரு தடவை பாடினார். இன்னும் மோசமாக உடைந்தது. மைக்கை ஸ்டாண்டில் மாட்டினார், யாரையும் பார்க்காமல் கேட்டுக்கு வெளியே நடந்தார்.

பிரிசில்லா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். கரும்புஜூஸ் வண்டி அருகில் நின்றிருந்தார்.

"டென்சில் அனுப்புனானா?"

"யாரும் அனுப்பல."

"கேட்ட இல்ல? ஒடஞ்சிபோச்சு ப்ரிசி. டாக்டரு அப்பவே சொன்னான். நாந்தான் நம்பல." ஜூஸைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணே பாடட்டும். நல்லாத்தான் பாடுது."

"அவ மேல் ஸ்தாயில பாடட்டும். நீ கீழ பாடுண்ணா."

"பின்னாடி நின்னா? நானா?"

"நான் இத்தன வருஷமா பின்னாடிதான் உக்காந்துனு இருக்கேன். எனக்கு உங்க எல்லார் முதுகும்தான் தெரியும். யாரு பயப்படுறா, யாரு கெளம்பப் போறா, முதுகப் பாத்தாலே தெரியும். நீ துபாய் போறதும் நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒரு வாட்டிகூட நீ திரும்பிப் பாத்ததில்லண்ணா."

ஞானசேகரன் ஜூஸை அப்படியே வண்டிமேல் வைத்தார். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்: "எனக்குக் கீழ பாட வராதே."

"மமதா எங்க மூச்சு விடுறான்னு பாரு. நீயும் அங்க விடு. மத்தது வரும்."

இந்த இடத்தில் என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்றில், மேடையில் அவர் குரல் அதிசயமாகத் திரும்பிவிடுகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்தேன். இன்னொன்றில், அவர் பஸ் ஏறிப் போய்விடுகிறார். அது கௌரவமான சோகம். இலக்கியப் பத்திரிகையில் பாராட்டுவார்கள். அதையும் கிழித்தேன். ஏனென்றால் அவர் போகவில்லை.

சாயங்காலம் ஏழு பேரும் மேடையேறினார்கள். ஞானசேகரன் டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் அவ்வளவாக விழாத இடத்தில் நின்றார். கூட்டம் அவர் பேரைச் சொல்லிக் கத்தியது. அவர் மமதாவைக் கைகாட்டினார். அவள் பயந்துபோய்த்தான் தொடங்கினாள். கடைசி ஏற்றத்தில் அவள் மேலே போனபோது, அடியில் கரகரவென்று இன்னொரு குரல் வந்து தாங்கியது. டென்சில் விரலை நிறுத்திவிட்டுக் கேட்டார். அந்த வரியைப் பாடிக்கொண்டே ஞானசேகரன் திரும்பி பிரிசில்லாவைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு ஒரு அடி தப்பிப்போச்சு சார்," என்றாள் என்னிடம். "யாரும் கவனிக்கல."

7

கதை இங்கே முடிந்துவிடலாம். பிரிசில்லா முடிக்க விடவில்லை. "அன்னிக்கோட முடிஞ்சிருந்தா நான் 'இருந்தேன்'னு இல்ல சொல்லணும்?"

டென்சில் பெர்த்துக்குத் திரும்பிப் போனார். கோவிந்தப்பா டாம்பரினோடு தங்கிவிட்டார். ஞானசேகரன் இன்றும் கீழேதான் பாடுகிறார். இப்போது அவருக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். மமதாவுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை, தூக்கிக்கொண்டே வருகிறாள். அந்த ரிசப்ஷனுக்கு முந்தின மாதம்தான் கிட்டார் நரேஷ் புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அன்று பந்தியில் பாயசம் வந்தபோது பிரிசில்லா என் பக்கம் திரும்பினார். (கதையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். மரியாதைக்குத் திரும்புகிறேன்.)

"சாருக்கு கிட்டார் வருமா?"

வராது என்றேன். அவர் முகத்தில் நிஜமாகவே ஏமாற்றம். கை கழுவப் போனார். மேடையில் ஆர்கெஸ்ட்ராவின் டிரம்ஸ்காரர் தன் ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஆகவே இதை நான் முடிக்கப்போவதில்லை. எனக்கு கிட்டார் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மர்பி டவுனில் மாவு மில் எங்கே என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட பிறகு. வேகமான விரலெல்லாம் வேண்டாமாம். மாடிப்படி குறுகல், கிட்டாரைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போங்கள்.