இன்னாசி படிந்த கல்

கடலில் தொலைந்தவர்களைச் சுண்ணாம்பாகத் திருப்பித் தரும் அலுவலகம் துறைமுகப் பாலத்தின் முடிவில் இருந்தது. பதினோரு வருடம் கழித்துத் தம்பியை வாங்கப் பிரகாசி அங்கே போனாள்.

மறுநாள் கல்லறைத் திருநாள். ஊரில் எல்லோரும் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவளிடமும் வாளியும் மட்டையும் இருந்தன. அடிக்கத்தான் கல்லறை இல்லை.

சங்கு குளிக்கப் போன காலையில் தம்பி இன்னாசி அவளோடு சண்டை போட்டான். எதற்கென்று மறந்துவிட்டது. "போய்த் தொலை" என்று தான் சொன்னது மறக்கவில்லை.

அலுவலக நடைவழி நடக்க நடக்க நீண்டு கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் கடல் நின்றது. சேலை நனையவில்லை.

கிளார்க்குக்கு முழங்கால்வரை வெள்ளை படிந்திருந்தது. இரும்பு மேசைமேல் படியவில்லை. வெறும் தண்ணீரில் சுண்ணாம்பு சும்மா படியாது, உயிரோடு இருந்த ஏதாவது வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் படியும் என்றார். பிறகு ஆள் நீளத்துக்கு ஒரு கல்லைத் தள்ளிவந்தார்.

"இது எந் தம்பிதானா?"

"காடி ஊத்துனாத் தெரிஞ்சிரும். சுண்ணாம்பு கரையும். உள்ள உள்ளது நிக்கும்."

புளித்த காடியை ஒரு சொட்டு விட்டார். கல் நுரைத்தது. நுரை அடங்கியதும் மெல்லிய தோலாக ஒரு காது தெரிந்தது. மடலில் தூண்டில் முள் கிழித்த பழைய வெட்டு இருந்தது.

முழுவதும் கரைத்தால் ஆள் கிடைக்கும், ஆனால் கரையில் காற்றுப் பட்டதும் கிழிந்துபோகும் என்றார் கிளார்க். கல்லறை வேண்டுமென்றால் இத்தோடு விடவேண்டும்.

பிரகாசி, கல்லறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கல்லைத் தட்டுவண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் அதைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்து வெள்ளையடித்தாள். கல் முழுவதும் பிடித்தது. காதில் மட்டும் வழிந்தது. அவள் குனிந்து, "அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுடா" என்றாள். தன் காதை அந்தக் காதின்மேல் வைத்தாள்.

உள்ளே அவளுடைய குரல் கேட்டது. போய்த் தொலை. போய்த் தொலை. பதினோரு வருடத்துக்கு முந்தைய குரல், இன்னும் இளமையாக இருந்தது. அது ஓயட்டும் என்று காத்திருந்தாள்.

சுற்றியிருந்த கல்லறைகளில் மெழுகுவர்த்திகள் அணைந்தன. குழிவெட்டும் சவரிமுத்து வந்து, கேட்டைப் பூட்டவேண்டும் என்றார். அவள் எழப் பார்த்தாள். கன்னம் கல்லைவிட்டு வரவில்லை. தலைமுடி வெளுத்துக் கெட்டியாகியிருந்தது.

சவரிமுத்து வாளியை எட்டிப் பார்த்தார். மிச்சம் இருந்தது. மட்டையை அதில் நனைத்தார்.

"அப்ப ஒங்களுக்கும் சேத்து அடிச்சிரட்டுமாக்கா?"



"காதுல படாம அடிங்க," என்றாள்.