மொட்டைமாடிப் பலகையில் முப்பத்தொன்பது எழுத்து

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற பி.ஜி. விடுதி ஒன்றை நடத்துகிற சீதாலட்சுமிக்கு ஒரு மாதமாக மனசு சரியில்லை. எதிர்த் தெருவில் எவனோ புதிதாக ஒரு பி.ஜி. திறந்திருந்தான். ஜிம்மாம், லிஃப்டாம், காலையில் மூன்று வகை டிபனாம். தன்னிடம் இருக்கும் பதினோரு பெண்களும் மூட்டை கட்டிவிடுவார்களோ என்று பயம். வாய்விட்டுக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் கௌரவம் என்னாவது?

போதாக்குறைக்கு மொட்டைமாடியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கிய வெள்ளைப் பலகை. அதில் பெண்கள் எழுதுவது கொக்கியும் வளையமுமாக என்னவோ ஒன்று. எல்லாம் ஸ்ரீரஞ்சனியின் வேலை. சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் கும்பகோணத்துப் பெண். ஆங்கிலத்தின் ஒலி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து என்று முப்பத்தொன்பது எழுத்துகளைத் தானே உண்டாக்கி, ஒவ்வொருத்தியாகப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"என்னம்மா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டால், "சும்மா, ஆன்ட்டி" என்பார்கள். சும்மா எழுதிவிட்டு எதற்கு அந்தச் சிரிப்பு? காலி பண்ணுகிற திட்டம்தான் என்று சீதாலட்சுமி முடிவுகட்டினாள்.

சரி, படித்தே தீருவது. பலகையின் மேல்பாதியில் இருந்தது துணி துவைக்கும் முறை. எந்தக் கிழமை யாருக்கு என்பது கொடியில் காயும் சுடிதாரைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். திங்கள் மமதா, செவ்வாய் சஹானா. மமதாவின் இடத்தில் முதல் உருவமே மூன்றாவதாகவும் வந்தது. பிடித்துவிட்டாள். கிழமைக்கு ஒரு பெயராக, மளிகைச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டே போனாள். பெயர்களில் அகப்படாத எழுத்துகளைப் பக்கத்து எழுத்துகளை வைத்து ஊகித்தாள்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் மூன்று தரம் கோட்டைவிட்டவள் அவள். தண்ணீர் லாரிக்காரனையும் வீட்டு புரோக்கரையும் ஆங்கிலத்திலேயே விரட்டுவாள். எழுதச் சொன்னால்தான் ஸ்பெல்லிங் காலை வாரிவிடும். இந்த எழுத்தோ சொன்ன பேச்சைக் கேட்டது. அட, அன்றைக்கே இப்படி இருந்திருந்தால் நானும் பாஸாகியிருப்பேனே என்று மாடிப்படியில் நின்று வாய்விட்டே சொன்னாள்.

பத்தொன்பதாம் நாள் பலகையின் கீழ்ப்பாதியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'சனிக்கிழமை எல்லாரும் புது பி.ஜி. பார்க்கப் போகிறோம். ஆன்ட்டிக்குத் தெரிய வேண்டாம்.'

அவள் என்ன சும்மா இருக்கிற ஆளா? பெண்கள் ஆபீஸ் போனதும் மார்க்கரை எடுத்து, அதே எழுத்தில், அவர்களில் ஒருத்தி எழுதுகிற மாதிரியே எழுதினாள்: 'நான் முன்னாலேயே போய்ப் பார்த்தேன். அங்கே மூட்டைப்பூச்சி. நம் ஆன்ட்டி தங்கம். சாம்பார் முதல் தரம்.' தள்ளி நின்று பார்த்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

சாயங்காலம் ஸ்ரீரஞ்சனி பலகையைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"இது நீங்க எழுதினதா, ஆன்ட்டி?"

"நானா? எனக்கு எங்கம்மா இதெல்லாம் தெரியும்?"

"மேல பிள்ளையார் சுழி போட்டிருக்கே."

போட்டுத்தான் இருந்தது, நன்றாகப் பெரிதாக. மளிகைச் சீட்டானாலும் கீசரை அணைக்கச் சொல்லும் நோட்டீஸானாலும் அது விழாமல் அவள் கை அடுத்த எழுத்துக்கு நகராது. செய்வது கள்ள வேலை, அதற்கும் பிள்ளையாரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

"போயிடாதீங்கம்மா," என்றாள் சீதாலட்சுமி. "கேக்க வெக்கமா இருந்துச்சு. நீங்கெல்லாம் போயிட்டா நான் யாரை அதட்டுறது?"

ஸ்ரீரஞ்சனியின் கண் பலகையிலேயே இருந்தது. "யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல. காயிற துணியப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

"தீபிகாவுக்கு ரெண்டு மாசமா சொல்லித் தர்றேன், ஆன்ட்டி. இன்னும் தடுமாறுறா." தன் எழுத்தை ஒருத்தி தானாகவே கற்றுக்கொண்டாளே என்று ஸ்ரீரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் போகும்போது, "சனிக்கிழமை போய்த்தான் பாப்போம்," என்று சொல்லிவிட்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகை சமையலறை வாசலில் மாட்டியிருந்தது. 'ஆன்ட்டி' என்றுதான் தொடங்கியிருந்தார்கள். 'போய்ப் பார்த்தோம். மூட்டைப்பூச்சி இல்லை. சாம்பாரும் உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது. இருந்தாலும் பத்துப் பேர் இங்கேயே இருக்கிறோம். தீபிகா மட்டும் போகிறாள். அவளுடைய ஆபீஸ் கேப் அந்த வாசலில்தான் நிற்கிறது.'

சீதாலட்சுமி இரண்டு தரம் படித்தாள். பத்துப் பேர் இருப்பது சந்தோஷம்தான். ஆனால் போகிற ஒருத்திதான் நெஞ்சில் நின்றாள். மார்க்கரை எடுத்து அடியில் ஒரு வரி எழுதினாள். இந்த முறை கீழே தன் பெயரையும் போட்டாள்.

தீபிகா பையோடு இறங்கி வந்தாள். பலகை முன்னால் நின்று வாய்க்குள்ளேயே முனகிப் பார்த்தாள்.

"என் பேரு தெரியுது. அப்புறம் வரல, ஆன்ட்டி. நீங்களே சொல்லிடுங்க."

கேட்கக் கூசியல்லவா முப்பத்தொன்பது எழுத்தையும் படித்தது. சீதாலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போகாதேன்னு எழுதியிருக்கேன்."

தீபிகா பலகையை இன்னொரு தரம் பார்த்தாள். "கேப் ஏழரைக்கு அங்க நிக்கும், ஆன்ட்டி. நடக்கணும்."

"நட. பத்து நிமிஷம் முன்னாடியே உனக்கு டிபன் வெக்கிறேன்."

தீபிகா பையை ஃபிரிட்ஜ் ஓரமாக இறக்கி வைத்தாள்.