கோழிக்கூண்டில் வெள்ளை முயல்

லைன்மேனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. மின்கம்பத்திலிருந்து விழுந்து வலது கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, இப்போது ஒரு கைத்தடியும் கையுமாக வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். சொட்டிய குழாயைச் சரிசெய்தார். கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டார். சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லாதபோது, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். அன்றிலிருந்து அது தினமும் ஐந்து நிமிடம் பிந்தியது.

"நல்லா ஓடுறதை எதுக்குங்க தொட்டீங்க?" என்றாள் மனைவி.

"உள்ளே தூசி இருந்துச்சு."

"உங்க மண்டைக்குள்ளேதான் தூசி."

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவர் கால் உடைந்ததை டாக்டருக்கும் முன்பே படத்தில் பார்த்தவளே அவள்தான். கட்டுப் பிரித்த பிறகும் மாதம் ஒரு முறை அந்தக் காலைப் படம் பிடித்தாள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், உறைக்குள் போடுவாள், வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டாள். அவரும் கேட்கமாட்டார்.

அக்கா புருஷன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமலோ, வேனில் இடம் சும்மா இருந்ததாலோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் வந்து இறங்கினான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். போகிற இடத்தில் யார் எதைக் கழித்துப் போட்டாலும் அவனுக்கு மூக்கு வேர்த்துவிடும். அன்றைக்கு அவன் கொண்டுவந்தது மூடிப்போன கோழிப்பண்ணையின் ஆறு கம்பிக்கூண்டுகள். காய்ந்த எச்சமும் சிறகுமாக அப்பியிருந்தன.

"இதில என்ன கோழியா வளர்க்கச் சொல்றே?"

"முயல் மாமா. சத்தம் போடாது, ஓரமா இருக்கும். கூண்டு மட்டும் நீங்க சரிபண்ணிக் கொடுங்க, முயலை நான் கொண்டு வரேன்."

அக்கா வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் லைன்மேன் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு கூண்டின் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள்.

"மாடிக்குத் தூக்கிட்டுப் போ. வீட்டுக்குள்ளே ஒரு இறகு வந்தாலும் உன்னைத்தான் கேட்பேன்" என்று தம்பியிடம் சொன்னாள்.

மாடி என்றால் மொட்டைமாடி. வீடு ஒரே தளம். மேலே போகும் படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் சுவர் உண்டு. லைன்மேன் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏறிப் பழகியிருந்தார்.

முதல் மூன்று நாள் கழுவலிலேயே போயிற்று. சோடா உப்பு கரைத்த வெந்நீர், இரும்பு பிரஷ், பிறகு பிளீச்சிங் பவுடர், பிறகு வெயில். தீப்பந்தத்தைக் காட்டினால் இறகு எல்லாம் பொசுங்கிவிடும் என்று மச்சினன் போனில் யோசனை சொன்னான். துத்தநாகப் பூச்சு சூடேறினால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று லைன்மேனுக்குத் தெரியும். "நீ வண்டியை மட்டும் ஓட்டு" என்று வைத்துவிட்டார்.

கழுவிய பிறகுதான் வேலையே தொடங்கியது. கோழிக்கூண்டு முயலுக்கு ஆகாத விஷயங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. முட்டை முன்பக்கம் உருண்டு வருவதற்காக அடிப்பாகம் சரிந்திருந்தது. நாள் முழுக்க அந்தச் சரிவில் உட்கார்ந்தால் முயலுக்குக் கால் என்னத்துக்கு ஆகும்? பின்பக்கக் கொக்கிகளைக் கழற்றி, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, சமமாகக் கட்டினார். அடிக்கம்பிகளுக்கு இடையில் இரண்டு விரல் நுழைந்தது, பாதம் மாட்டிக்கொள்ளும். அரை அங்குல வலை வாங்கிவரச் சொல்லி மேலே விரித்தார், அதன் மேல் படுக்க ஒரு பலகையும் போட்டார். அகலம் போதாது என்று இரண்டிரண்டு கூண்டுகளின் நடுத்தடுப்பை வெட்டி ஒன்றாக்கினார். ஆறு மூன்றாயிற்று. வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து, பழைய கேபிளின் ரப்பர் உறையைக் கீறி அவற்றின் மேல் மாட்டினார். அந்த வேலை மட்டும் பார்க்க வெகு அழகாக இருந்தது. கம்பியை எங்கே பிடித்து எந்தப் பக்கம் முறுக்கினால் அடங்கும் என்பது அவர் விரல்களுக்குத் தானாகவே தெரிந்தது.

ஆனாலும் நிம்மதி வரவில்லை. கட்டிய கதவைப் பிரித்தார். இடப்பக்கம் திறந்ததை வலப்பக்கம் திறக்கும்படி மாற்றினார், மறுநாள் திரும்ப இடப்பக்கத்துக்கே கொண்டுவந்தார். வேலை முடிந்துவிட்டால் அடுத்து என்ன என்ற கேள்வி வரும். அது வராமல் பார்த்துக்கொண்டார்.

அது போன் வழியாக வந்தது. லைன் ஆபீஸ் ஃபோர்மேன் வாரம் ஒரு முறை கூப்பிடுவார்.

"அணில், எப்ப வரே?"

கம்பம் ஏறும் வேகத்தைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவர் பெயர்.

"இன்னும் கொஞ்சம் வலி இருக்கு சார்."

"டாக்டர் சர்டிபிகேட் கொடுத்ததும் சொல்லு. மழைக்காலம் வருது. ஆள் இல்லாம நான் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்."

"சொல்றேன் சார்."

போனை வைத்துவிட்டு, இறுகியிருந்த ஒரு முடிச்சைத் தளர்த்தித் திரும்ப இறுக்கினார்.

பிறகு முயல்கள் வந்தன. சாம்பல் நிறத்தில் ஒரு ஆண், பழுப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு பெண். பெண்கள் இரண்டும் இன்னும் ஆணோடு சேராதவை என்று விற்றவன் அடித்துச் சொன்னதாக மச்சினன் அடித்துச் சொன்னான். பழுப்பு, போட்டதைத் தின்றுவிட்டுக் கிடக்கும். வெள்ளைதான் லைன்மேன் மாதிரி. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை, அங்கிருந்து கதவு, கதவிலிருந்து மூலை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவருக்கே மூச்சு வாங்கியது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மனைவி வேலைக்குப் போன பிறகு மேலே போனவர் திடுக்கிட்டார். வெள்ளை தன் நெஞ்சு மயிரைத் தானே வாயால் பிடுங்கிக்கொண்டிருந்தது. வாய் நிறைய மயிர். கூண்டெங்கும் பஞ்சு. சொறியோ, கம்பி விஷமோ, தன் கைவேலையில் ஏதாவது பிசகோ என்று கம்பி முனைகளை எல்லாம் தடவிப் பார்த்தார். மச்சினனுக்குப் போன் போட்டார். அவன் விற்றவனுக்குப் போட்டான். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான்.

"மாமா, அது நோய் இல்லையாம். குட்டி போடப் போகுதாம். இன்னைக்கோ நாளைக்கோ."

"சேராத முயல்னு சொன்னியேடா."

"அவன்தான் சொன்னான். இப்போ கேட்டா, பக்கத்துக் கூண்டுக் கதவு ஒரு நாள் திறந்து கிடந்துச்சுங்கிறான்."

லைன்மேன் கைத்தடியைக்கூட எடுக்காமல் கீழே ஓடினார். ஓடினார் என்பதை அவரே பிறகுதான் கவனித்தார். பழப்பெட்டி ஒன்றை உடைத்து, பக்கவாட்டில் உயரம் குறைத்து, வைக்கோல் நிரப்பி மேலே கொண்டுவந்தார். கதவைத் திறந்து பெட்டியை உள்ளே நுழைத்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளை அவர் முழங்கைக்கு அடியில் நழுவி வெளியே குதித்தது.

அவர் குறுக்கே போனார். அது மிச்சம் கிடந்த கம்பித் தட்டிகளின் மேல் ஏறியது, அங்கிருந்து கைப்பிடிச்சுவர் மேல் தாவியது. தட்டிகள் சரிந்து கலகலவென்று சத்தம் போட, மிரண்டு அந்தப் பக்கம் விழுந்தது.

அவர் எட்டிப் பார்த்தபோது சமையலறை ஜன்னலின் சன்ஷேடு மேல் உட்கார்ந்திருந்தது. விலா வேகமாக ஏறி இறங்கியது. மேலிருந்து கை எட்டவில்லை. அங்கிருந்து கீழே குதித்தால் வயிற்றில் இருப்பவை என்ன ஆகும் என்று நினைக்கவே கூசியது.

கீழே போய் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார். எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. கை தானாக நிறுத்தியது. எட்டு அடி. அவருக்கு எட்டு அடி ஒரு உயரமே இல்லை. ஒரு படி ஏறினார். இரண்டாவது. மூன்றாவதில் கால் நின்றுவிட்டது.

வலி இல்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. மேலே போகச் சொன்னால் போகவில்லை, அவ்வளவுதான். உள்ளங்கை வேர்த்து ஏணிச் சட்டத்தில் வழுக்கியது. அன்றைக்கு விழுந்ததற்கு ஒரு காரணம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கயிறு அறுந்திருக்கலாம், மழை பெய்திருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம். ஒன்றும் இல்லை. குறுக்குச் சட்டத்தைத் தாண்ட இடுப்பு பெல்ட்டை ஒரு கணம் அவிழ்த்தார், ஆயிரம் தடவை அவிழ்த்த மாதிரி. பிடிக்கப் போன கை பிடிக்கவில்லை. ஏன் என்று ஐந்து மாதமாகத் தேடுகிறார். ஏன் என்று தெரிந்தால் அடுத்த முறை அதைத் தவிர்க்கலாம். தெரியாததை எப்படித் தவிர்ப்பது?

அப்படியே எவ்வளவு நேரம் நின்றாரோ. வாசல் கதவு திறந்தது. மனைவிக்கு அன்று அரைநாள்தான். மருத்துவமனை உடுப்போடு, கதிர் அளக்கும் சிறு வில்லை நெஞ்சில் தொங்க, பையைத் தோளில் மாட்டியபடி வந்து நின்றாள். ஏணியைப் பார்த்தாள், மேலே முயலைப் பார்த்தாள், மூன்றாவது படியில் நிற்கும் புருஷனைப் பார்த்தாள்.

"கால் வலிக்குது" என்றார் அவர், திரும்பாமல்.

"இறங்குங்க. ஏணியைப் பிடிச்சுக்குங்க."

பையைக் காலி செய்து தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். ஏணி ஏறிப் பழக்கமில்லாதவள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்றுதான் போனாள். பாதியில் நின்றாள்.

"ஏணி ஏன் இப்படி ஆடுது?"

அவர் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"உங்களைத்தான் கேட்கிறேன்."

"ஏணி இல்ல. நான்தான்."

"சரி. உடம்பை ஏணி மேல சாய்ச்சுப் பிடிங்க" என்றாள். சாய்த்துப் பிடித்தார். நடுக்கம் குறைந்தது. அவள் முயலைப் பிடரியிலும் பின்புறத்திலும் சேர்த்துப் பிடித்தாள். அது உதைத்ததில் மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தபடி இறங்கினாள்.

வெள்ளையைக் கூண்டில் விட்டுக் கதவை மாட்டிய பிறகு இருவரும் மாடித் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எலும்பு சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள் அவள். "போன மாசப் படத்தில கோடுகூடத் தெரியல."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்."

லைன்மேன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "என்னால இனிமே ஏற முடியாது. ஏறினா விழுந்துடுவேன்னு இல்ல. விழ மாட்டேன்னு சொல்லத் தெரியல."

"அப்ப ஏறாதீங்க."

"இருபத்திரண்டு வருஷம் வேற என்ன செஞ்சேன்?"

"அதை நாளைக்கு யோசிக்கலாம். இந்தக் கீறலுக்கு முதல்ல மருந்து எடுத்துட்டு வாங்க."

மறுநாள் விடிந்தபோது பெட்டிக்குள் மயிர்ப்பஞ்சு அசைந்துகொண்டிருந்தது. ஏழு குட்டிகள், தோல் மட்டும் போர்த்தி, கண் மூடி, விரல் அளவில். அவற்றில் ஒன்று செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் இன்னொன்று போயிற்று. தாய் பெட்டியை விட்டுத் தாண்டியபோது முலையைக் கவ்வியபடியே வெளியே வந்து, பக்கக் கம்பிகளுக்கு இடையில் நழுவிச் சில்லென்ற தரையில் விழுந்திருக்கிறது. மனைவி அதை உள்ளங்கையில் வைத்து அரை மணி நேரம் சூடு காட்டினாள். பிழைக்கவில்லை. அடியில் வலை போட்டவருக்குப் பக்கத்தில் போடத் தோன்றவில்லை. அன்றே மூன்று கூண்டுகளுக்கும் சுற்றி நாலு அங்குல உயரத்துக்குச் சின்னக் கண் வலையைக் கட்டினார். வாயில் கட்டுக்கம்பியைக் கவ்விக்கொண்டு கட்டினார். இந்த முறை எதையும் பிரித்துத் திரும்பக் கட்டவில்லை.

அந்த வாரமே லைன் ஆபீசுக்குக் கைத்தடி இல்லாமல் போனார். ஃபோர்மேன் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"கால் சரியாயிடுச்சு சார். ரெண்டு மாசம் முன்னாடியே. நான்தான் சொல்லல. என்னால கம்பம் ஏற முடியல."

ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"என்னை எதுக்கு ஃபோர்மேன் ஆக்கினாங்கன்னு நினைக்கிறே? உன்னை மாதிரிதான், ஒரு நாள் பாதியில நின்னுட்டேன். இத்தனை வருஷமா இதை யாருக்கும் சொன்னதில்ல. நீயும் சொல்லிக்கிட்டுத் திரியாதே."

புகார் அறையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மேசை, இரண்டு போன், சுவரில் ஊர் முழுவதற்குமான லைன் வரைபடம். அது அவருக்கு வேண்டியதில்லை. தெருப் பெயரைச் சொன்னாலே எந்தக் கம்பம், எந்த வளைவு, எந்தச் சட்டம் துருப்பிடித்தது என்று சொல்லிவிடுவார். கரண்ட் இல்லை என்று திட்டுகிறவர்களுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். வெள்ளையின் ஐந்து குட்டிகளும் கண் திறந்து, காது நிமிர்ந்து, தாயைவிட அதிகமாக ஓடின. மச்சினன் இன்னும் எட்டுக் கூண்டு கிடைக்கும் என்று நூல் விட்டுக்கொண்டிருந்தான். அக்கா அவனை வாசலோடு அனுப்பினாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், சந்தைத் தெருவில் லைன் அறுந்துவிட்டதாகப் புகார் வந்தது. இரண்டு பேரை அனுப்பினார். போகும்போதே, "மூணாவது கம்பத்தில குறுக்குச் சட்டம் இடப்பக்கம் கொஞ்சம் ஆடும். பெல்ட்டை மாத்திப் போடும்போது ஒரு கை கம்பத்தைப் பிடிச்சபடியே இருக்கட்டும்" என்றார். சரி அண்ணே என்று ஜீப் ஏறினார்கள்.

அதன் பிறகு அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. போன் ஒயர் எட்டுகிற மட்டும் ஜன்னல் வரை போனார், திரும்பினார், வரைபடத்தின் முன் நின்றார், திரும்ப ஜன்னலுக்குப் போனார். டீ ஆறியது. முக்கால் மணி நேரம் கழித்து மணி அடித்தபோது முதல் மணியிலேயே எடுத்தார்.

"லைனை இழுத்துக் கட்டியாச்சுண்ணே."

"ரெண்டு பேரும் கீழே இறங்கியாச்சா?"

"ஒருத்தன் இறங்கிட்டு இருக்கான்."

"அவன் தரையில கால் வச்சதும் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்" என்றார், நின்றபடியே.