ஓடை நடுவே ஒற்றைக்காலில்

அலுவலகத்தில் அவருக்கு 'முட்டை ஆபீசர்' என்று பெயர். மீன் வாழிடப் பாதுகாப்பு அதிகாரி என்று கதவில் எழுதி மாட்டியிருந்தாலும், யார் என்ன பேச்சை எடுத்தாலும் அதைக் கொண்டுபோய் மீன் முட்டையில் முடிக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்தப் பெயர் காதுக்கு வந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த மாதிரி ஆள்.

அந்தப் பெருமைக்கு இப்போது தீனி போட்டவன் அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி, பாலம் கட்டும் ஒப்பந்தக்காரன். ஓடையில் தூண் எழுப்பப் பொக்லைன் இயந்திரத்தைத் தண்ணீரில் இறக்கத் தயாராக நின்றவனை, மீன்கள் முட்டையிடும் காலம் முடியும்வரை படுகையில் எதுவும் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டு நிறுத்திவிட்டார். சொந்தமாவது பந்தமாவது! அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மேஜையில் வந்து விழும் சத்தத்திலேயே சேதி தெரிந்துவிடும். மைத்துனனோ ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்: "எங்க மாமா முட்டை? என் கண்ணுக்கு வெறும் கல்லுதான் தெரியுது." உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மேலதிகாரியிடம் மனுவும் கொடுத்துவிட்டான். மறுநாள் விசாரணை. உத்தரவு போனால் ஓடையின் அந்தப் பகுதி முழுவதும் இயந்திரத்தின் அடியில் நசுங்கிப் போகும்.

அதனால்தான் எச்சரிக்கைப் பலகையை நட அவரே கிளம்பினார். கரையில் நட்டாலே போதும். ஆனால் கரையில் நட்டால் கண்ணில் படாதாம். முழங்கால்வரை பூட்ஸை மாட்டிக்கொண்டு, 'மீன் முட்டையிடும் இடம், எவரும் இறங்கக் கூடாது' என்ற பலகையைத் தோளில் சாத்திக்கொண்டு, எவரும் இறங்கக் கூடாத இடத்தில் இறங்கி நடந்தார். கரையிலிருந்து மைத்துனனும் பொக்லைன் ஆபரேட்டரும் பார்த்துக்கொண்டிருந்ததால் நடையில் கொஞ்சம் மிடுக்கு வேறு.

நடு ஓடையில் பலகையை ஊன்றி, சுத்தியலால் ஓங்கி அடித்து, அடித்த கையோடு குனிந்து பார்த்தார். தெளிந்த தண்ணீரில் வெளிர் மஞ்சள் மணிகள் அவருடைய வலது பூட்ஸுக்கு அடியிலிருந்து கிளம்பி, ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின.

கல்லுக்குக் கீழே பத்திரமாக இருக்க வேண்டிய முட்டைகள். சட்டென்று அந்தக் காலைத் தூக்கினார். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். முன்னால், பின்னால், பக்கத்தில், எங்கு பார்த்தாலும் மீன்கள் வாலால் துடைத்துவிட்ட வெளிறிய கூழாங்கல் திட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கூடு. சட்டத்தைக் கரைத்துக் குடித்த மனிதர், வரும்போது பலகை சுமக்கும் பெருமையில் ஒன்றைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்ன மாமா, தவமா?" என்று கரையிலிருந்து மைத்துனன் கத்தினான்.

விஷயம் இன்னும் யாருக்கும் தெரியாது. பேசாமல் நடந்து கரையேறினால் மானம் தப்பும். ஆனால் இன்னும் நாலைந்து கூடுகள் போய்விடும். உண்மையைச் சொன்னால் நாளை விசாரணையில் மைத்துனன் அதையே எடுத்து வீசுவான்: தடுத்தவரே மிதித்துவிட்டார், இனி எதற்குத் தடை? ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டே யோசித்தார். பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்காவது அது உபயோகப்பட்டதே. தன்மேல் வந்த எரிச்சலில் அழுகையே வரும்போலிருந்தது.

"முட்டைய மிதிச்சிட்டேன்டா!" என்று கடைசியில் கத்தினார். "கால கீழ வெச்சா இன்னும் மிதிப்பேன். பொக்லைன் கைய நீட்டச் சொல்லு. என்னைத் தூக்கு!"

மைத்துனன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டான். "வண்டி இறங்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே மாமா. நீங்க போட்டதுதான்."

"இறங்கத்தான்டா கூடாது. கரையில நின்னு கைய நீட்டலாம். சீக்கிரம்!"

ஆபரேட்டர் இயந்திரத்தைக் கரையோரம் கொண்டுவந்து, அதன் கையை நீட்டி, பக்கெட்டைத் தண்ணீரில் படாமல் அவருடைய இடுப்பருகே நிறுத்தினார். அவர் தவழ்ந்து ஏறினார். மண் ஒட்டிய பக்கெட்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஆகாயத்தில் மெல்ல ஆடியபடி, சட்டம் கரைக்கு வந்து சேர்ந்தது.

இறங்கியதும் மைத்துனன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்கு நானே அபராதம் போட்டுக்கப் போறேன். விசாரணையில நீ இதைத் தாராளமா சொல்லு, நானும் மறைக்க மாட்டேன். ஆனா மிச்சக் கூடெல்லாம் உயிரோட இருக்கு. அதையும் சொல்லுவேன்."

மைத்துனன் குனிந்தான். கரையோரம் ஒதுங்கியிருந்த மஞ்சள் மணி ஒன்றை ஈர விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே இரண்டு கரும்புள்ளிகள்.

"இது என்ன மாமா, கறுப்பா?"

"கண்ணு."

"பொழைக்குமா?"

"இது பொழைக்காது. கல்லுக்கு அடியில இருக்கிறது பொழைக்கும்."

அவன் அதை மெதுவாகத் தண்ணீரில் விட்டான். விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆபரேட்டரைப் பார்த்து, "வண்டிய மேல ரோட்டுக்கு ஏத்திடுப்பா" என்றான்.

"அப்ப மனு?" என்று கேட்டார் ஆபீசர்.

"வாபஸ் வாங்கிக்கிறேன். உங்க ஒத்தக் காலுக்கே இந்தக் கதின்னா, என் வண்டி இறங்கினா என்ன மிஞ்சும்?"

எத்தனை கூட்டம், எத்தனை விளக்கம், எத்தனை உட்பிரிவு! அவருடைய வாய் இத்தனை வருஷமாகச் சாதிக்காததை ஒரு குதிகால் சாதித்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"ஆனா மாமா," என்றான் மைத்துனன், கைபேசியை எடுத்தபடி, "அக்காகிட்ட இதை நான்தான் சொல்லுவேன்."

"பக்கெட்ல வந்ததையுமா?"

"அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கவே போறேன்."