ஏனையோர் நாள்

யிட்காவின் தாளில் அன்றைக்கு முதல் சொல் மெம்பர். இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் செக். மெம்பருக்கு நேரே ‘ச்லென்’ என்று பச்சைப் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். மேலே தலைப்பு: சமுதாயமும் குழுக்களும்.

“வசனம் சொல்லு,” என்றாள் யிட்கா.

யிட்கா றொஷினியின் அண்ணன் டினோஜன் கட்டிக்கொண்டு வந்த செக் நாட்டுக்காரி. கொம்பியூட்டர் வேலைக்கென்று பிர்னோ நகரத்துக்குப் போனவன், வேலையை முடித்துவிட்டு இவளோடு திரும்பி வந்தான். பகலில் அவளுக்குப் பிரெஞ்சு வகுப்பு. பின்னேரத்தில், கியூபெக்கில் பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் இருந்த வீட்டுக் குசினி மேசையில், றொஷினியிடம் இங்கிலீஷ். வெறும் அர்த்தம் சொன்னால் வாங்கமாட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வசனம் வேண்டும்.

றொஷினி அன்றைக்கு நல்ல வசனம் சொல்லுகிற நிலையில் இல்லை. காலையில் மாதா கோயில் வாட்ஸப் குழுவில் வந்த செய்தி இன்னும் நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

“அம்மா எந்த ஊருக்கும் மெம்பர் இல்லை,” என்றாள்.

யிட்கா எழுதிக்கொண்டாள். “அடுத்தது, எக்ஸ்குளூட்.”

“கொமிற்றிக்காரர் அம்மாவை வெளியில் தள்ளினார்கள்.”

“மைனோரிட்டி.”

“கோயிலில் அம்மா இருக்கிற வாங்குப் பலகையில் அம்மா மட்டும்தான் இருப்பாள்.”

“அது மைனோரிட்டிக்குச் சரியான வசனமா?”

“எனக்குச் சரி. எழுது.”

விஷயம் இதுதான். மாதா திருநாளுக்கு முன்னால் கோயிலில் ஒன்பது நாள் நவநாள். ஒவ்வொரு பின்னேரமும் நாட்டில் விட்டுவந்த ஒவ்வொரு ஊருக்குச் சொந்தம்: குருநகர், பாசையூர், பேசாலை, நாவாந்துறை என்று. அன்றைக்கு அந்த ஊர்க் குடும்பங்களைப் பேர் சொல்லி மைக்கில் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் எழும்பிப் போய் பீடத்தடியில் கொளுத்திய மெழுகுதிரியை வாங்கி மாதா சுருவத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். கூப்பிடுகிற பேர் எப்போதும் ஆம்பிளையின் பேர்தான். ஊரும் அவனுடைய ஊர்தான்.

றொஷினியின் அப்பா பேசாலை. அவர் ரொறன்ரோவில் வேறொரு குடும்பமாகப் போய்ச் சேர்ந்த பிறகு, ‘குடும்பத் தலைவர் இல்லை’ என்று பேசாலைக்காரர் பேரை எடுத்துவிட்டார்கள். அம்மா அல்போன்சம்மா பிறந்தது பாசையூர். அவர்களோ, ‘கட்டிக்குடுத்த பிள்ளை, எங்கடை கணக்கிலை வராது’ என்று கையை விரித்துவிட்டார்கள். ஓடிப்போனது அந்த மனுசன். ஊரை இழந்தது இந்த மனுசி. இதை ஒருத்தரும் விசித்திரமாக நினைக்கவில்லை என்பதுதான் றொஷினிக்குப் பத்திக்கொண்டு வரும்.

இப்படி ஊர் இல்லாதவர்களுக்கென்று ஒரு வியாழக்கிழமை இருந்தது. அதற்கு ‘ஏனையோர் நாள்’ என்று பேர். பேர் கூப்பிடுவதில்லை. ‘ஏனையோர் வரலாம்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். மிஞ்சிய மெழுகுதிரிகளை அவரவர் எடுத்துக்கொண்டு போகவேண்டும். அல்போன்சம்மா ஒருநாளும் போனதில்லை. வாங்கிலேயே இருந்து செபமாலை உருட்டுவாள்.

இந்த வருசம் அந்த வியாழனும் போகிறது. குருநகர் ஆக்கள் தொகையில் கூடிவிட்டார்களாம், இரண்டு நாள் வேண்டுமாம். ஞாயிறு பூசை முடிய கூட்டம்.

யிட்கா எழுதியதை மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தாள். பேனாவைப் பல்லில் தட்டினாள்.

“றொஷி, உன்னுடைய எல்லா வசனத்திலும் மாமி உட்கார்ந்துகொண்டே இருக்கிறா. எப்ப எழும்புவா?”

றொஷினிக்குச் சுருக்கென்றது. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். அதுவும் சமூகவியல். ‘அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாய் நிறையப் பதில் சொன்னவள். சமுதாயம் எப்படி ஆக்களை வெளியில் தள்ளுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறாள். அந்தக் கோயிலில் மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அடுப்படியில் நின்ற அல்போன்சம்மா திரும்பினாள். “என்னவாம் இவள்?”

“நீங்கள் எப்ப எழும்புவியள் எண்டு கேக்கிறாள்.”

“விடிய அஞ்சு மணிக்கு எழும்புறன். அவள் எட்டு மணிக்குத்தானே எழும்புறாள், எப்பிடித் தெரியும்?”

“அம்மா, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலை நான் கதைக்கப்போறன்.”

அல்போன்சம்மா கரண்டியை வைத்தாள். “பேசாமல் இரு. சந்தி சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

“உனக்குப் படிச்ச திமிர்.”

“ஓம்,” என்றாள் றொஷினி. “படிக்க வைச்சது நீங்கள்தானே.”

கோயிலுக்குக் கீழே இருந்த மண்டபத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடித் திரிந்தார்கள். கொமிற்றித் தலைவர் பேனாட் குருநகர்க்காரர், நல்ல குரல், நல்ல கோட்டு. அவருடைய மகள் ஜொய்சி ஒரு கியூபெக் பொடியனோடு வில்லரேப் பகுதியில் கலியாணம் இல்லாமல் இருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் ஆரும் கேட்டால் ‘எனக்கு ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள்’ என்று மட்டும் சொல்லுவார். ஜொய்சி ஒவ்வொரு ஞாயிறும் வந்து கடைசி வரிசையில் இருப்பாள். அன்றைக்கும் இருந்தாள்.

“அப்ப வியாழக்கிழமையைக் குருநகருக்குக் குடுக்கிறம். ஆருக்கும் ஆட்சேபனை இல்லைத்தானே?” பேனாட் தாளை மடிக்கத் தொடங்கினார்.

“இருக்கு, அங்கிள்,” என்று றொஷினி எழும்பினாள். “அது ஏனையோருக்கு உரிய நாள்.”

“பிள்ளை, அந்த நாளிலை ஒருத்தரும் வாறேல்லையே. போன வருசம் மெழுகுதிரி எல்லாம் மிஞ்சிப் போச்சு.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருவினம். ‘ஏனையோர்’ எண்டு உங்களைக் கூப்பிட்டால் நீங்கள் எழும்பிப் போவியளோ?”

யாரோ பின்னாலிருந்து, “வக்கீல் வந்திட்டா,” என்றார். சிரிப்பு.

“நான் வக்கீல் இல்லை. வக்கீல் எண்டால் காசு கேட்டிருப்பன்.”

சிரிப்பு பக்கம் மாறியது. பேனாட் கையை உயர்த்தினார். அவர் கெட்டிக்காரர், கோபப்படவில்லை. நேரே அல்போன்சம்மாவைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்.

“தங்கச்சி, இதுக்கு ஏன் சண்டை? டினோஜன் இப்ப குடும்பக்காரன். அவன்ரை பேரைப் பேசாலையிலை பதிஞ்சால் முடிஞ்சுது. ‘டினோஜன் குடும்பம்’ எண்டு கூப்பிடுவம். நீங்களும் அதுக்குள்ளை வந்திடுவியள். மருமகளும் வரலாம், எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை.”

மண்டபம் தலையாட்டியது. டினோஜன் கதிரையில் நெளிந்தான். இத்தனை வருசமாக அம்மா கேட்ட பிச்சை இதுதானே? தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். மகனின் பேருக்குள்ளே ஒளிந்துகொண்டு அம்மா பேசாலைக்குத் திரும்பிப் போகலாம். ஓடிப்போனவனுடைய ஊருக்கு. அம்மா ‘ஓம்’ என்று சொல்லிவிட்டால் றொஷினி சொல்ல ஒன்றும் இல்லை, உட்காரவேண்டியதுதான்.

அல்போன்சம்மா செபமாலையைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினாள். பிறகு எழும்பினாள்.

யிட்கா றொஷினியின் கையைப் பிடித்து, “ஃப்ஸ்டாலா,” என்றாள் மெதுவாக. எழும்பிவிட்டாள் என்று அர்த்தம்.

“வேண்டாம், பேனாட் அண்ணை,” என்றாள் அல்போன்சம்மா. “மகன் தன்ரை பேரிலை தான் போகட்டும். என்னை என்ரை பேரிலை கூப்பிடுங்கோ.”

“அதுக்கு ஒரு ஊர் வேணுமே, தங்கச்சி. எந்த ஊர் எண்டு கூப்பிடுறது?”

“பியர்பொன்ட்ஸ்.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பேனாட்டும் சிரித்தார். “பியர்பொன்ட்ஸ் ஒரு ஊரோ?”

“ரெண்டு பஸ் ஏறி, பிறகு மெட்ரோ பிடிச்சு வாறன் இந்தக் கோயிலுக்கு. ஸ்னோ கொட்டக் கொட்ட நிண்டு வாறன். அது ஊர் இல்லாட்டி நான் எங்கையிருந்து வாறன்? ஆகாசத்திலையிருந்தோ?” அல்போன்சம்மா சிரிக்கவில்லை. “பேசாலை என்னை எடுத்துப்போட்டுது. பாசையூரும் எடுத்துப்போட்டுது. பியர்பொன்ட்ஸ் இன்னும் எடுக்கேல்லை.”

சிரிப்பு தானாகவே வற்றியது.

இடப்பக்கச் சுவரோரம் ஒரு கை உயர்ந்தது. நெற்றியில் திருநீறு, சிவநேசம் அக்கா. சைவக்காரி. மாதாவில் உள்ள பிடிப்பில் வருசாவருசம் வருகிறவள், எந்தக் கணக்கிலும் இல்லாதவள். “அப்ப என்னை இல்-பிசார் எண்டு போடுங்கோ,” என்றாள். “எங்கடை தீவுக்கு பஸ்ஸே ஒழுங்கா இல்லை, அதையும் மாதாட்டைச் சொல்லுங்கோ.”

பிறகு ஆள் மாறி ஆள். யோசிக்காமலே ஆக்கள் தங்கள் தெருவையும் மெட்ரோவையும் சொன்னார்கள். ஊர் உள்ளவர்கள் என்று எல்லாரும் நினைத்திருந்த இரண்டு பேர்கூட எழும்பினார்கள்.

“இது முறை இல்லை,” என்றார் பேனாட்.

“அங்கிள், முறையை மாத்தச் சொல்லேல்லை,” என்றாள் றொஷினி. “ஊர் சொல்லுறம், பேர் சொல்லுறம், மெழுகுதிரி வாங்குறம். உங்கடை முறைதான். கூப்பிடுறது மட்டும் நான்.”

பங்குச் சுவாமி அதுவரை தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர், “வியாழன் அவையளுக்கே இருக்கட்டும், பேனாட்,” என்றார். பிந்தித்தான் சொன்னார். என்றாலும் சொன்னார்.

வியாழக்கிழமை கோயில் நிரம்பவில்லை. முக்கால்வாசிதான். குருநகர்க்காரர் சிலர் கோபத்தில் வரவில்லை. தலைவர் என்ற முறையில் பேனாட் பீடத்தடியில் நின்றார். திரியைக் கொளுத்திக் கையில் கொடுப்பது தலைவரின் வேலை. அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

றொஷினி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

“பியர்பொன்ட்ஸ். அல்போன்சம்மா.”

அம்மா நடந்துபோனாள். அவசரப்படவில்லை. திரியை வாங்கினாள், வைத்தாள், திரும்பி வந்து அதே வாங்கில் இருந்தாள். இந்த முறை பக்கத்தில் ஆக்கள் இருந்தார்கள்.

“பியர்பொன்ட்ஸ். யிட்கா.”

“இல்-பிசார். சிவநேசம்.”

“வில்லரே.” றொஷினி ஒரு மூச்சு விட்டாள். “ஜொய்சி.”

கடைசி வரிசையிலிருந்து ஜொய்சி வந்தாள். கோயில் முழுக்க அந்தக் காலடிகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பேனாட் திரியை எடுத்தார். கொளுத்தக் கொளுத்த அணைந்தது. மூன்றாம் தரம் பத்தியது. நீட்டினார். ஜொய்சி பிடித்தாள். அவர் விடவில்லை. மெழுகு உருகி அவர் விரலில் விழுந்தது. அப்போதும் விடவில்லை. இரண்டு பேரும் ஒரே திரியைப் பிடித்தபடி நின்றார்கள். பேனாட் ஏதோ சொன்னார். மைக்குக்கு அது எட்டவில்லை.

றொஷினிக்கு அவர்மேல் இருந்த கோபம் ஆறவில்லை. ஆறவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள். ஜொய்சி சுருவத்தடிக்குப் போனதும் மைக்கை இன்னும் கிட்ட இழுத்து, அடுத்த ஊரைக் கூப்பிட்டாள்.