கெட்டிலுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் டீக் கம்பெனி ஆள் தமிழ்க்குமரன் பைக்கில் வந்து இறங்கியபோது, பாராட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். முந்தின நாள் கடையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அதைப் படம் எடுத்துக் கிளைக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? லோகோ மேல எதுவும் வெக்கக்கூடாதுன்னு ட்ரெயினிங்லயே சொன்னமே!"

எங்கள் கம்பெனி லோகோ, கண்ணும் வாயும் வைத்த ஒரு பச்சைக் கெட்டில். அதன் நிறத்தை மாற்றக்கூடாது, பக்கத்தில் வேறு பெயர் எழுதக்கூடாது, மேலே எதையும் ஒட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டித்தான் கரியமாணிக்கத்தில் இந்த டீக்கடையை எடுத்தேன். ஆனால் பொட்டு வைத்தால் லோகோ கெட்டுப்போகும் என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் கெட்டிலுக்கு நெற்றி வேறு நல்ல அகலம்.

இதே இடத்தில் என் வீட்டுக்காரர் சிங்காரவேலு சொந்தக் கடை வைத்திருந்தார். தகர போர்டில் 'சித்ரா டீ ஸ்டால்' என்று என் பெயர். ஜெயசித்ரா என்று முழுசாக எழுதத் தகரத்தில் இடமில்லை. ஆயுத பூசையன்று பாய்லர், வடிகட்டி, டம்ளர் தட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியில் ஸ்டூலில் ஏறி போர்டுக்கும் வைப்பார். இறங்கி, விரலில் மிச்சமிருக்கும் குங்குமத்தோடு என்னைக் கூப்பிடுவார்.

"போர்டு சித்ராவுக்கு வெச்சாச்சி. வூட்டு சித்ரா இங்க வாடி!"

ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க என் நெற்றியில் வைத்துவிடுவார். வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அவர் இறந்த பிறகு என் நெற்றிக்கு வேலையில்லை என்று ஊர் முடிவு செய்தது. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். வருடத்தில் ஒரு நாள் ஸ்டூலில் ஏறி போர்டுக்கு வைக்கும்போது மட்டும் அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். இந்த வருடம் தகரம் இறங்கி பிளாஸ்டிக் போர்டு ஏறிவிட்டது. அதற்காக விட்டுவிட முடியுமா?

"தம்பி, ரெண்டு நாள்ல தானா உதிர்ந்துடும்பா."

"எனக்குப் புரியுதுக்கா. மேல இருக்கறவங்களுக்குப் புரியாது. மத்தியானத்துக்குள்ள துடைச்சி போட்டோ அனுப்பலன்னா டீத்தூளை நிறுத்திடுவாங்க. அக்ரிமென்ட்டே போயிடும்."

கடை போனால், அவர் இறந்த புதிதில் போன மாதிரி திரும்பக் கரும்பு வெட்டத்தான் போகவேண்டும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு அது நடக்காது.

ஸ்டூலில் ஏறினேன். ஈரத்துணி பட்டதும் சந்தனம் போய்விட்டது. குங்குமம் மட்டும் அடம்பிடித்தது. தேய்க்கத் தேய்க்க என் விரலெல்லாம் சிவந்தது. அழுகை வந்தது, அழுதேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த தமிழ்க்குமரன் வேறு பக்கம் பார்த்தான்.

கெட்டில் பளிச்சென்று ஆனதும் இறங்கினேன்.

"ஏம்பா, உங்க ரூல்ஸ் எல்லாம் போர்டுக்குத்தானே? கடைக்காரிக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா. ஏன்?"

விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை, டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் பார்க்கப் பார்க்க, என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். பெஞ்சில் இருந்த எங்கள் தெரு சின்னபொண்ணு, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக மறந்து என்னையே பார்த்தாள்.

"போட்டோ எடு."

"போர்டு மட்டும் போதும்க்கா."

"நானும் நிக்கிறேன். எடுப்பா."

துடைத்த கெட்டிலுக்குக் கீழே போய் நின்றேன்.