ஒரு ஜெபம் சொல்லும் நேரம்

பேச்சுப் பயிற்சி அட்டையில் ஒரு மீன் வரையப்பட்டிருக்கிறது, அதைப் பார்த்து மிக்கேலின் உதடு குவிகிறது, பிரிகிறது, சத்தம் வரவில்லை, பக்கத்தில் அவன் மனைவி ஜெசிந்தாவுக்கு நாக்கு துறுதுறுக்கிறது, இது என்ன என்று கேட்டால் அவன் என்ன சொல்வான், தூத்துக்குடித் துறையில் அத்தனை வருஷம் மீன் ஏலம் கூவினவனுக்கு மீன் என்று ஒன்று உண்டா, சீலா உண்டு, பாறை உண்டு, விளமீன் உண்டு, கல்யாணமான புதிதில் அவன் மூச்சுவிடாமல் கூவுவதைக் கேட்கவே கூட்டத்துக்குள் போய் நின்றாள், நிற்கிறாள், இதோ அந்தக் குரல், ஏலேய், தள்ளி நில்லுல, கூடை வருது, பிறகு மழை, பைக், வேகத்தடை, ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கியது, பாவி மனுஷா, எடுத்து மாட்டியிருந்தால் தலை தப்பியிருக்குமே, எட்டு மாதம் ஆயிற்று.

முதல் வருஷம் வேகமா தேறும், அப்புறம் மெதுவாத்தான், ஆனா நின்னுடாதும்மா என்று டாக்டர் சொன்னதில் அவள் காதில் ஏறியது முதல் பாதிதான், இன்னும் நாலே மாதம், அந்தப் பதற்றத்தில் அவன் வாயெடுக்குமுன் தண்ணியா, ஃபேன் போடவா, தலை வலிக்கா என்று அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிவிட, போன வாரம் பேச்சுப் பயிற்சி தரும் சுபாஷினி அட்டைகளைக் கீழே வைத்துவிட்டாள், அக்கா, கோவிச்சுக்காதீங்க, அண்ணனுக்கு வார்த்தை உள்ளதான் கெடக்கு, வழியத்தான் தேடுதாங்க, நீங்க முந்திக்கிட்டா அவங்க எதுக்குத் தேடணும், அருள் நிறைந்த மரியே ஒண்ணு மனசுக்குள்ள முழுசா சொல்லி முடிச்சிட்டு அப்புறம் வாயத் தொறங்க. ஐயோ மாதாவே, நல்லது செய்கிறேன் என்று நானா அவர் வாயை அடைத்தேன்.

இப்போது அந்த ஜெபத்தில் இருக்கிறாள், கர்த்தர் உம்முடனே, அவன் நெற்றி வேர்க்கிறது, பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே, கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் அவளைத் தேடி வருகிறது, கெஞ்சுகிறானா, எந்தப் பெண்டாட்டி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள், மாதா மன்னிப்பாள் என்று ஜெபத்தைப் பாதியில் விட்டு வாயைத் திறக்கிறாள், அவனுடைய நல்ல கை, இடது கை, மெல்ல எழும்பி அவள் முகத்துக்கு நேரே நிற்கிறது, பொ, பொ என்று இழுக்கிறான், பொறு என்கிறான், பொறுடீ.

கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தடவை அவளிடம் அவன் அதைச் சொல்லியிருக்கிறான், கண்ணீர் மோவாய்க்கு வந்தும் துடைக்காமல் ஜெசிந்தா பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை.